கிரியாத்தா, நிலவேம்பா, எவ்வளவு, எத்தனை நாள்? – எல்லையோர வாசகர் கேள்விகள்

சென்ற இதழின் மூலிகைக் குறிப்பில், "பசி எடுக்காதவர்களுக்கும் ஈரல் சோர்ந்தவர்களுக்கும் கிரியாத்து நல்லது" என்று ஒரு வரி வந்திருந்தது. அந்த ஒரு வரிக்குத் தமிழக–கேரள எல்லையில் செங்கோட்டையில் தொடங்கி வேலந்தாவளம் வரை கடிதங்கள். பாதிப்பேர் எவ்வளவு குடிப்பது என்று கேட்டிருக்கிறார்கள். மீதிப்பேர் ஏற்கெனவே குடித்துவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். இடத்துக்கு ஏற்பச் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் ஊரில் கிரியாத்து என்கிறோம். தென்காசிக் கடையில் நிலவேம்பு என்று தருகிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா சிறியாநங்கை என்கிறார். இணையத்தில் சிரட்டா என்று போட்டிருக்கிறது. எல்லாம் ஒன்றா?
– வாசகர், செங்கோட்டை

முதல் மூன்றும் பெரும்பாலும் ஒன்று. நான்காவது வேறு செடி.

தமிழில் நிலவேம்பு, மலையாளத்தில் கிரியாத்து, தெலுங்கில் நேலவேமு. உங்கள் ஊர் 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால் மலையாளப் பெயர் வாயில் தங்கிவிட்டது. பெயருக்கு வயதும் அதிகம். திருவிதாங்கூரில் ரெசிடென்சி சர்ஜனாக இருந்த எட்வர்ட் ஜான் வேரிங் தொகுத்து 1868ல் வெளிவந்த 'பார்மகோபியா ஆஃப் இந்தியா' என்ற மருந்து நூலில் இந்தச் செடி 'கரியாத்' என்றே ஏறியிருக்கிறது. அதில் சொன்ன கஷாயத்தில் ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் சேர்த்திருந்தார்கள். வெள்ளைக்காரனாலும் தனியாக விழுங்க முடியவில்லை போலிருக்கிறது.

செடியை அடையாளம் காணத் தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பாருங்கள். உருளாது, தடுக்கும். நாலு பட்டையாக இருக்கும். இலை மிளகாய் இலை மாதிரி, எதிரெதிராக, வழவழப்பாக. பூ சின்னது, வெள்ளை, கீழிதழில் ஊதாக் கீற்று. காய் இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் நெட்டுக்குத்தாக நிற்கும். கடைசிச் சோதனை நாக்கில்தான். கால் இலையை மென்றால் போதும், கசப்பு நுனி நாக்கில் ஏறி அடித்தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் குடித்தாலும் லேசில் போகாது.

இதோடு குழப்பிக்கொள்வது இரண்டு. ஒன்று கோபுரந்தாங்கி. நிலவேம்பின் சொந்தக்காரச் செடிதான், ஆனால் இலையிலும் தண்டிலும் ரோமம் இருக்கும், தடவினால் சொரசொரக்கும். இன்னொன்று சிரட்டா, இமயமலையில் விளைவது. காய்ந்த கட்டாக வரும்போது தண்டு பழுப்பும் ஊதாவுமாக இருக்கும், உடைத்தால் உள்ளே மஞ்சளாகச் சோற்றுப்பகுதி தெரியும், இலை அநேகமாக இருக்காது. நிலவேம்பு காய்ந்தாலும் பச்சை நிறம் விடாது. சிரட்டாவும் கசப்பு, அதுவும் மருந்துதான். ஆனால் அளவு வேறு. ஒன்றின் அளவில் மற்றதைக் காய்ச்சக்கூடாது.

சிறியாநங்கை என்ற பெயரைச் சில ஊர்களில் வேறு செடிக்கும் சொல்கிறார்கள். பெயரை நம்பாமல் தண்டை உருட்டிப் பார்ப்பதே மேல்.

காய்ச்சல் வந்து போய் பத்து நாள் ஆகிறது. சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது, வயிறு கனமாகவே இருக்கிறது. மாமியார் கிரியாத்து வெள்ளம் (கிரியாத்து காய்ச்சிய தண்ணீர்) குடி என்கிறார். எப்படிப் போட வேண்டும், எவ்வளவு? பெரிய அளவு குடித்தால் சீக்கிரம் சரியாகுமா?
– வாசகி, மார்த்தாண்டம்

காய்ச்சலுக்குப் பிந்தைய மந்தத்துக்கு இந்தச் செடி நல்ல துணை. மாமியார் சொன்னது சரி. பெரிய அளவு என்பதுதான் தப்பு.

காய்ந்த செடி (இலையும் இளந்தண்டும், வேர் வேண்டாம்) 3 கிராம் எடுங்கள். நகைக்கடைத் தராசு வேண்டியதில்லை. ஒன்றிரண்டாக இடித்தது நிரவிய இரண்டு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக வரும். பச்சைச் செடி என்றால் 10 கிராம், கழுவி நறுக்கியது. 200 மி.லி. தண்ணீரில் போட்டுச் சிறு தீயில் 50 மி.லி.யாக வற்ற விடுங்கள். பதினைந்து இருபது நிமிடம் ஆகும். மண்சட்டி அல்லது எவர்சில்வர் பாத்திரம். பிரஷர் குக்கர் வேண்டாம், அதில் நீர் வற்றாது, எவ்வளவுக்கு எவ்வளவு என்ற கணக்கே போய்விடும். ஆரம்பத்தில் நுரைத்துப் பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். முக்கால் நீர் வற்றியதும் நிறம் கரும்பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறும். வடிகட்டி வெதுவெதுப்பாகக் குடியுங்கள்.

எப்போது குடிப்பது என்பதில்தான் பாதிப் பலன். சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் முன்னால், ஒரு நாளைக்கு ஒரு வேளை. மூக்கைப் பிடித்துக்கொண்டு மடக்கென்று ஊற்றாமல் நாலைந்து மிடறாக. கசப்பு நாக்கில் பட்டால்தான் எச்சில் ஊறும், அதைத் தொடர்ந்து இரைப்பைச் சாறும் சுரக்கும். மந்தத்துக்கு வேண்டியது அதுதான். உடனே ஒரு துண்டு கருப்பட்டியை வாயில் போட்டால் அந்த வேலை அங்கேயே நின்றுவிடும். பசிக்காகக் குடிக்கிறவர்கள் மாத்திரையாக விழுங்குவதும் இதனால்தான் அவ்வளவு சரியில்லை.

காய்ச்ச நேரமில்லை என்றால் நைசாக அரைத்த பொடி 1 கிராம், அதாவது நிரவிய அரைத் தேக்கரண்டி, வெந்நீரில் கலக்கிக் குடிக்கலாம்.

ஐந்து நாள், மிஞ்சினால் ஏழு நாள். பசி எடுத்துவிட்டால் மூன்றாம் நாளே நிறுத்தலாம். ஏழு நாளாகியும் சோறு இறங்கவில்லை என்றால் அது வெறும் மந்தம் அல்ல, இரத்தப் பரிசோதனை வேண்டும். காய்ச்சலுக்குப் பிறகு குமட்டல் நீடிப்பது ஈரல் வீக்கத்தின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். மஞ்சள் அதற்குப் பிறகுதான் கண்ணில் தெரியும்.

சீக்கிரம் சரியாக வேண்டும் என்று கைப்பிடி போட்டுக் காய்ச்சுபவர்கள் உண்டு. கைப்பிடி என்றால் காய்ந்தது 10 கிராமுக்குக் குறையாது. நடப்பது இதுதான்: வாந்தி, வயிற்றுப்போக்கு, இருந்த பசியும் போவது. பசிக்காகக் குடித்த மருந்தே பசியைக் கொல்லும். காலையில் காய்ச்சி பிளாஸ்கில் வைத்து இரவு குடிப்பதும் வேண்டாம், மூன்று மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள். நெஞ்சு எரிச்சல் உள்ளவர்களும், அல்சர் என்று ஏற்கெனவே சொல்லப்பட்டவர்களும் தொடவே வேண்டாம். சாறு கூடச் சுரக்கச் செய்கிற மருந்து புண்ணுக்கு உதவாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த நிலவேம்புக் குடிநீர்ப் பொடி மீதி இருக்கிறது. ஈரலுக்கு நல்லது என்று தினமும் குடிக்கலாமா?
– வாசகர், புளியரை

வேண்டாம். நிலவேம்புக் குடிநீர் வேறு, நிலவேம்பு மட்டும் வேறு. குடிநீரில் ஒன்பது சரக்கு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். எல்லாம் சம அளவு. ஆக நிலவேம்பு ஒன்பதில் ஒரு பங்குதான். அது சுர மருந்து. சிக்குன்குனியா, டெங்கு சமயத்தில் அரசு கொடுத்ததும் அதற்குத்தான். காய்ச்சல் இல்லாதவர்கள் மாதக்கணக்கில் குடிப்பதற்காகச் சேர்த்ததல்ல.

மீதிப் பொடியை முகர்ந்து பாருங்கள். வெட்டிவேர் வாசம் போய் மக்கல் நாற்றம் வந்திருந்தால் செடித் தொட்டியில் கொட்டிவிடுங்கள்.

என் தம்பி தினமும் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறான். நாலு நாளாகக் காய்ச்சல், உடம்பெல்லாம் வலி, கெண்டைக்காலைத் தொட விடுவதில்லை. இன்று கண் மஞ்சளாக இருக்கிறது. கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுக்கிறோம். கூடவே நிலவேம்பும் கொடுக்கலாமா?
– வாசகி, கம்பம்

இதற்கு உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். இதே நிலைமையில் வேறு யாராவது இருப்பார்கள் என்பதால் இங்கேயும்.

எதையும் அரைக்க வேண்டாம். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், இன்றே. காய்ச்சலும் மஞ்சளும் சேர்ந்து வந்து, கெண்டைக்காலில் வலியும் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எலிக்காய்ச்சல். மலையேறிக் கேரளப் பக்கம் போனால் எலிப்பனி என்பார்கள். எலி மூத்திரம் கலந்த ஈரமண்ணிலும் ஓடை நீரிலும் இருக்கிற கிருமி, காலில் உள்ள வெடிப்பு, கீறல் வழியாக உள்ளே போகிறது. ஏலத்தோட்டத்திலும் நெல் வயலிலும் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். இது ஈரலோடு நிற்பதில்லை, சிறுநீரகத்தையும் நுரையீரலையும் பிடிக்கும். பென்சிலின், டாக்ஸிசைக்ளின் போன்ற சாதாரண மருந்துக்குக் கட்டுப்படுகிற நோய்தான், ஆனால் நேரத்தோடு கொடுக்க வேண்டும். மூலிகை கொடுத்து நாலு நாள் பார்ப்போம் என்பதில் போவது அந்த நேரம்தான்.

மருத்துவரிடம் "கண் மஞ்சள்" என்று மட்டும் சொல்லாமல், தோட்ட வேலை, ஈரத்தில் நிற்பது, கெண்டைக்கால் வலி மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மூத்திரம் குறைந்திருந்தால் அதையும்.

மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயின் பெயரல்ல, பல நோய்களின் நிறம். இதை எத்தனை முறை எழுதினாலும் தகும். பித்தநீரின் நிறமியான பிலிருபின் 100 மி.லி. இரத்தத்தில் 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், 2, 3 என்று ஏறினால் கண்ணில் தெரியும். தண்ணீர் வழி வரும் வைரஸும் அதை ஏற்றும். எலிக்காய்ச்சலும் ஏற்றும். பித்தக்குழாயில் அடைத்த கல்லும் ஏற்றும் – அதில் மலம் களிமண் போல வெளுத்திருக்கும், உடம்பு அரிக்கும். குடியும் ஏற்றும், காசநோய் மாத்திரையும் சிலருக்கு ஏற்றும். இத்தனைக்கும் ஒரே இலையை அரைத்தால் எப்படி?

"கீழாநெல்லியில் எத்தனையோ பேருக்குக் குணமாகியிருக்கிறதே" என்று கேட்பீர்கள். தண்ணீர் வழி வரும் ஏ வகை ஈரல் அழற்சி பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கும். அந்தக் கூட்டத்தில் கீழாநெல்லி குடித்தவரும் தேறுவார், குடிக்காதவரும் தேறுவார். பரிசோதித்து ஏ வகைதான் என்று தெரிந்த பிறகு, சித்த மருத்துவர் பார்வையில் கீழாநெல்லி கொடுப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஒன்றே ஒன்று: ரப்பர், வாழைத் தோட்டங்களில் களைக்கொல்லி அடித்த இடத்திலிருந்து பிடுங்காதீர்கள்.

ஆனால் தூக்கம் மாறி இரவில் விழித்துப் பகலில் மயங்குவது, பேச்சுக் குழறுவது, ஈறில் இரத்தம், ஓயாத வாந்தி, வயிறு உப்புவது – இதில் ஒன்று தெரிந்தாலும் எந்த வகை மஞ்சளாக இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிதான். கர்ப்பிணிக்கு மஞ்சள் என்றால் எந்த அடையாளத்துக்கும் காத்திருக்கக்கூடாது. ஈ வகை வைரஸ் அவர்களைத்தான் அதிகம் கொல்கிறது.

வீட்டில் ஒருவருக்கு ஏ வகை மஞ்சள் காமாலை. நாங்கள் எப்போதும் பதிமுகம் (தண்ணீரைச் சிவப்பாக்கும் மரச்சீவல்) போட்டுக் காய்ச்சிய வெள்ளம்தான் குடிக்கிறோம். பிறகு எப்படி வந்தது? மற்றவர்கள் முன்கூட்டியே கிரியாத்து குடித்தால் தடுக்குமா?
– வாசகர், பாறசாலை

கிரியாத்து தடுக்காது. தடுப்பது தண்ணீரும் சோப்பும்.

காய்ச்சிய வெள்ளம் என்று நினைத்துக் குடிப்பதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஓட்டலிலும் கல்யாண வீட்டிலும் கொதிக்கிற பதிமுக வெள்ளத்தில், ஆறட்டும் என்று பாதிக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றுவார்கள். நிறம் அப்படியே சிவப்பாக இருக்கும், கையில் தொட்டால் சூடாகவும் இருக்கும். காய்ச்சாத தண்ணீரைத்தான் குடித்திருப்பீர்கள். வீட்டிலும் அவசரத்துக்கு இதைச் செய்வதுண்டு.

நோயாளியின் மலத்தில் கிருமி மஞ்சள் தெரிவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே வெளியேறும், தெரிந்த பிறகும் ஒரு வாரம்போல இருக்கும். அந்த நாட்களில் அவர் சமையலில் கை வைக்க வேண்டாம். கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் 1000 லிட்டருக்கு 2.5 கிராம். நோய் பரவும் காலத்தில் அதை இரட்டிப்பாக்குவார்கள். வட்டக் கிணற்றின் நீர்க்கணக்கு சுலபம்: குறுக்களவை மீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும் பெருக்கி, 785ஆல் பெருக்கினால் லிட்டர். 2 மீட்டர் குறுக்களவு, 3 மீட்டர் நீர் என்றால் 9,420 லிட்டர், பவுடர் சுமார் 24 கிராம். பவுடரை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, வாளி முக்கால் அளவு நிறைத்து, பத்து நிமிடம் தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு கிணற்றுக்கு வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் புழங்கலாம்.

கர்ப்பப் பரிசோதனையில் எனக்கு ஈரல் அழற்சியின் பி வகை வைரஸ் இருப்பதாகச் சொன்னார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. களியக்காவிளைக்கு அப்பால் ஒருவர் ஒற்றமூலி (ஒற்றை மூலிகை மருந்து) கொடுத்து வைரஸையே எடுத்துவிடுவாராம். மூக்கில் விட்டால் மஞ்சள் நீராக வடியுமாம். போகலாமா?
– வாசகி, குழித்துறை

போகாதீர்கள். நிலவேம்பும் இப்போது உங்களுக்கு ஆகாது. கருவுக்குக் கேடு செய்யும் என்ற பயம் இருப்பதால் கர்ப்ப காலத்திலும், கருத்தரிக்க முயல்கிற காலத்திலும் கொடுப்பதில்லை.

மூக்கில் வடிவது ஈரலின் மஞ்சள் அல்ல. காரமான சாறு பட்டு மூக்குச் சவ்வு புண்பட்டு வடிகிற நீர். ஈரலிலிருந்து மூக்குக்குக் குழாய் கிடையாது.

ஒற்றமூலிக்காரர்கள் காட்டுகிற ஒரு பழைய ஆய்வு உண்மையிலேயே இருக்கிறது. சென்னை ஆய்வாளர்கள், இந்த வைரஸைக் கண்டறிந்து 1976ல் நோபல் பெற்ற புளும்பெர்க்கும் சேர்ந்து, கீழாநெல்லி பற்றி 1988ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் வைரஸின் மேலுறை அடையாளம் மறைந்தது, மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது என்று. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. 2011ல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு மதிப்பீட்டுக் குழுவும் நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றே சொன்னது. ஒற்றமூலிக்காரர்கள் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்கள்.

உங்கள் கையில் இருப்பது அதைவிடப் பெரிய விஷயம். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் பி வகைத் தடுப்பூசியும், கூடவே இம்யூனோகுளோபுலின் (தயார் நிலையில் உள்ள எதிர்ப்பொருள்) ஊசியும் போட்டால் பெரும்பாலும் குழந்தைக்கு ஒட்டாமல் காக்கலாம். இந்த இரண்டாவது ஊசி எல்லா இடத்திலும் தயாராக இருக்காது. ஒன்பதாம் மாதத்துக்கு முன்பே பிரசவம் பார்க்கிற இடத்தில் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். வைரஸ் அளவும் பார்க்கச் சொல்லுங்கள், அதிகமென்றால் கடைசி மாதங்களில் மாத்திரை தருவார்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். கணவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

என் வீட்டுக்காரர் எல்லை தாண்டிப் போய்க் கள் மட்டும்தான் குடிக்கிறார், பிராந்தி தொடுவதில்லை. ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்று வந்திருக்கிறது. காலையில் கிரியாத்து குடித்தால் ராத்திரிக் கள் கழிந்துவிடும் என்கிறார். நிஜமா?
– வாசகி, வேலந்தாவளம்

கள்ளில் ஆல்கஹால் சுமார் 5 சதவீதம். ஒரு லிட்டர் கள்ளில் ஏறக்குறைய 40 கிராம் ஆல்கஹால் இருக்கும். 120 மி.லி. பிராந்தியிலும் அதே 40 கிராம்தான். ஈரலுக்குக் குடத்தில் வந்ததா, பாட்டிலில் வந்ததா என்று தெரியாது. கிரியாத்து எதையும் கழிப்பதில்லை. குடித்த ஆல்கஹாலை உடைக்கிற வேலையும் ஈரலுக்கே.

நிறுத்தினால் ஈரல் கொழுப்பு குறையும், இந்தக் கட்டத்தில் அது நிச்சயம். ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தும்போது கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு வரை வரும். மருத்துவர் உதவியோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

மஞ்சள் காமாலைக்கு உப்பில்லாமல், எண்ணெயில்லாமல் பத்தியம் இருக்கிறேன். பத்து நாளில் நாலு கிலோ குறைந்துவிட்டேன்.
– வாசகர், பொள்ளாச்சி

விட்டுவிடுங்கள். உப்பைக் குறைப்பது கால் வீக்கமோ வயிற்றில் நீரோ இருந்தால் மட்டும். எண்ணெய் குமட்டினால் குறையுங்கள், குமட்டாவிட்டால் தாளிக்கிற அளவு தாராளம். ஈரல் தேறச் சோறும் பருப்பும் வேண்டும். முட்டை சாப்பிடுபவர் என்றால் முட்டையும். சாராயம் மட்டும் சொட்டுக்கூட வேண்டாம். காய்ச்சல், தலைவலிக்குப் பாரசிட்டமால் போடுவதாக இருந்தால் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள், ஈரல் சரியில்லாதவர்களுக்கு ஒரு நாளைக்கு 2 கிராமைத் தாண்டக்கூடாது.

பாலக்காட்டில் வைத்தியர் எழுதிக் கொடுத்த வாஸாகுளூச்யாதி கஷாயம் குடிக்கிறேன். கசப்பு தாங்கவில்லை, இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு வேறு. கூடவே வீட்டில் உள்ள சீந்தில் கொடியையும் போட்டுக் கொதிக்க வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பாட்டிலில் வருவதை அப்படியே ஊற்றிக் குடிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. பெரியவருக்கு வழக்கமான அளவு 15 மி.லி. கஷாயம், அதில் 60 மி.லி. காய்ச்சி ஆறிய நீர் சேர்த்து, வெறும் வயிற்றில். தேன் சேர்க்கச் சொல்லியே பழைய பாடமும் இருக்கிறது. சர்க்கரை நோய் இல்லையென்றால் ஒரு தேக்கரண்டி சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கஷாயத்தில் ஆடாதோடை, சீந்தில், கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய், கடுரோகிணி, பூநிம்பம், வேம்பு என்று எட்டு. பூநிம்பம் என்று கேரளத்தில் போடுவது பெரும்பாலும் நம் கிரியாத்துதான். வயிற்றைக் கழிய வைப்பது கடுரோகிணியும் கடுக்காயும். நீர் சேர்த்துக் குடித்தும் பேதி நிற்காவிட்டால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்.

சீந்தில் அதிலேயே இருக்கிறது, இன்னும் எதற்கு? கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று வீட்டில் சீந்தில் காய்ச்சிக் குடித்த ஆறு பேருக்கு ஈரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021ல் பதிவு செய்தார்கள். அதே இனத்தில் தண்டு முழுக்க முண்டு முண்டாக உள்ள வேறு கொடியைப் பிடுங்கியிருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. வாதம் எப்படிப் போனாலும், ஏற்கெனவே ஈரல் கெட்டிருப்பவர் கொடி அடையாளத்தில் சந்தேகத்தை வைத்துக்கொண்டு காய்ச்சக்கூடாது.

வயது 67. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை, இதயத்துக்கு இரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. இரண்டு மணி நேர இடைவெளி விட்டால் நிலவேம்பு குடிக்கலாம்தானே?
– வாசகர், நாகர்கோவில்

இடைவெளி உதவாது. சிக்கல் வயிற்றில் கலப்பதால் அல்ல, இரத்தத்தில் ஒரே வேலையை இரண்டும் செய்வதால். நிலவேம்பும் சர்க்கரையை இறக்கும், பிரஷரை இறக்கும், இரத்தம் உறைவதையும் தள்ளிப்போடும். மூன்றிலும் உங்களுக்கு இரட்டை மருந்தாகிவிடும். வேண்டாம். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கும் இதே பதில். யாராக இருந்தாலும் குடித்ததும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் என்றால் அது ஒவ்வாமை. அந்தச் செடியை வாழ்நாளில் மறுபடி தொடக்கூடாது.

ஒரு வயதுக் குழந்தைக்குப் பூச்சிக்காகக் கொடுக்கலாமா?
– வாசகி, மீனாட்சிபுரம்

வங்காளத்தில் இந்த இலைச் சாற்றோடு ஏலம், கிராம்பு, பட்டை சேர்த்துச் சின்ன உருண்டையாக வெயிலில் உலர்த்தி, 'ஆலுயி' என்று குழந்தைகளின் வயிற்று உபாதைக்குக் கொடுத்திருக்கிறார்கள். வழக்கம் இருந்தது என்பது அளவு தெரியும் என்றாகாது. குழந்தைக்கு வாந்தி வந்தால் நீர் வற்றிவிடும். பூச்சி மருந்து அங்கன்வாடியில் இலவசம்.

தொட்டியில் விதைத்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. எப்போது அறுக்க வேண்டும், எப்படிக் காய வைப்பது?
– வாசகர், ஆரியங்காவு

அறுத்த சூட்டோடு விதைத்திருப்பீர்கள். இந்த விதைக்கு உறக்கக் காலம் உண்டு. சில மாதம் காய்ந்து கிடந்தால்தான் முளைக்கும். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கும்போது போடுங்கள். கடுகைவிடச் சின்ன விதை, ஆழப் புதைத்தால் மேலே வராது. மண்ணின் மேல் தூவி, மறைகிற அளவு மணல் போதும். நாலு இலை விட்டதும் ஓரடி இடைவெளியில் பிரித்து நடுங்கள்.

மூன்று, நாலு மாதத்தில் மொட்டு தெரியும். அறுக்க அதுதான் நேரம், பூத்துக் காய்த்த பிறகு இலை உதிர்ந்து சத்தும் குறைந்துவிடும். மருந்துப் பொருள் தண்டைவிட இலையில்தான் அதிகம். தரையிலிருந்து நாலு விரல் விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும். நிழலில், காற்றோட்டமாக, மெல்லிய பரப்பாக நாலைந்து நாள். உங்கள் பக்கம் ஈரக்காற்று, தரையில் போட்டால் பூசணம் பிடிக்கும், கயிற்றில் தலைகீழாகத் தொங்க விடுங்கள். இலையைக் கசக்கினால் நொறுங்க வேண்டும், மடங்கினால் இன்னும் காயவில்லை. காற்றுப் புகாத டப்பாவில், முழு இலையாக. பொடியை அவ்வப்போது இடித்துக்கொள்ளலாம். ஒரு வருடத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

விதைக்கென்று இரண்டு செடியை விடுங்கள். காய் பழுத்து மஞ்சளாகும்போது மெல்லிய துணியைக் கிளையோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாக வெடித்து விதையெல்லாம் பக்கத்துத் தொட்டிக்குத்தான் போகும்.